இரண்டாம் ஊர்தி

பாளையங்கோட்டையில் கடைசி மூக்குக்கண்ணாடிக் கடையை மூடிப் பதினோரு வருஷமாகிறது. இப்போது நாடகத்தில் வாத்தியார் வேஷம் கட்டுகிறவர்கள்தான் கண்ணாடி மாட்டுகிறார்கள். பெரியவர்களுக்கு எப்போதோ விழித்திருத்த ஊசி போட்டாயிற்று; இப்போது எல்லாக் குழந்தைகளுக்கும் ஐந்து வயதுக்குள் போட்டுவிடுகிறார்கள். கிட்டப்பார்வைக்குக் காரணமான மரபணுக்களைக் கண்டுபிடித்து அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தவர் டாக்டர் ஜெபராணி. ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

பிறகு பெரிய வேலையில் இறங்கினார். விழித்திரையைக் கொஞ்சங்கொஞ்சமாக அழித்து, இருபது வயதுக்குள் பார்வையைப் பறிக்கும் ஒரு பரம்பரை நோய்க்கு வைத்தியம் தேடினார். பதினாலு வருஷம் மல்லுக்கட்டிப் பழுதான மரபணுவைப் பிடித்தார். அதற்கு மாற்றும் தயார். முதல் ஊசிக்குத் தேர்வானவள் பன்னிரண்டு வயது மகிழ்மதி. பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவித்தான் நடப்பாள்.

ஊசிக்கு முந்தைய பரிசோதனையில் இடி விழுந்தது. மகிழ்மதியின் தாய் செண்பகவல்லியை உட்கார வைத்து ஜெபராணி விஷயத்தைச் சொன்னார்.

“மாற்று மரபணுவக் கண்ணுக்குள்ள சுமந்துட்டுப் போறது மரபூர்தி. நோய் தராதபடி ஆக்குன ஒரு வைரஸ். விழித்திருத்தத்துக்கும் அதத்தான் அனுப்புனோம். ஒருதடவ பாத்தத உடம்பு எதிரியா ஞாபகம் வச்சுக்கிடும். அஞ்சாறு வருஷத்துல மறந்துரும்னு நெனச்சேன். மறக்கல. திரும்ப அனுப்புனா இருக்கிற பார்வையும் போயிரும்.”

“வேற ஊர்தி கெடையாதா டாக்டரம்மா?”

“விழித்திரை வரைக்கும் போறது அது ஒண்ணுதான்.”

“அப்போ கண்ணாடி போடக்கூடாதுன்னு போட்ட ஊசியாலயா எம்புள்ளைக்கு வைத்தியம் இல்லாமப் போச்சு? கண்ணாடியே போட்டிருப்பாளே!”

ஜெபராணிக்கு அவமானமாக இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினார். சட்டென்று மகிழ்மதியின் தங்கை நினைவு வந்து நிமிர்ந்தார்.

“சின்னவளுக்கும் இதே நோய்தான். ஆனா அவளுக்கு நாலு வயசுதானே? இன்னும் விழித்திருத்தம் போட்டிருக்க மாட்டீங்க. நாளைக்கே கூட்டிட்டு வாங்கம்மா, அவளையாவது காப்பாத்திரலாம்!”

செண்பகவல்லி அழவில்லை.

“திங்கக்கெழமதான் அவளப் பள்ளிக்கூடத்துல சேத்தேன். ஊசி போட்ட சீட்டு இல்லாம சேக்க முடியாதுன்னுட்டாங்க. அன்னைக்கே போட்டாச்சு.”

அது ஜெபராணி எழுதிக்கொடுத்த விதி. ஒரு குழந்தைகூட விட்டுப்போகக் கூடாது என்று அமைச்சரிடம் அடம்பிடித்து வாங்கியிருந்தார். ஒரு குழந்தைகூட விட்டுப்போகவில்லை.