சின்னக் கல்

பேருந்தை விட்டு இறங்கியதும் உப்புச்சேற்று வாடை முகத்தில் அடித்தது. ஜரீனா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கரையோரப் பாதையில் நடந்தாள். ஒடுங்கிய நீரிணைக்கு அக்கரையில் ஜொகூர் கட்டடங்கள் வெயிலில் வெளிறிக் கிடந்தன. பள்ளி விடுமுறை, கணவன் ஸைஃப் வேலைக்குப் போய்விட்டான், பிள்ளையை விட்டுவர ஆளில்லை. ஆறு வயது நஸீஹா, ஆடிக்கொண்டிருந்த முன்பல்லை நாக்கால் தள்ளித் தள்ளி விளையாடியபடி வந்தாள்.

“அதை நோண்டாதே. தானா விழும்.”

“விழுந்தா எங்க போடணும் உம்மா?”

“கூரை மேல எறிவாங்க. அப்பத்தான் புதுசு முளைக்கும்.”

“நம்ம அடுக்குமாடி வீட்டுக்குத்தான் கூரையே இல்லையே! அப்ப ஈசூன்ல யாருக்கும் பல்லு முளைக்காதா?”

ஜரீனா சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவள் சிரித்தது அதுதான் கடைசி.

பாதை முடிகிற இடத்தில் ஓர் ஆலமரம். அதன் அடியில் சீனர்கள் வைத்த சிவப்பு மாடம், உள்ளே தொப்பி போட்ட மலாய்க் கிழவரின் சிலை. பக்கத்தில் முனீஸ்வரனின் சூலம், அதில் குத்திய எலுமிச்சை. இரண்டுக்கும் நடுவே, வேர்களுக்கு இடையில், மஞ்சள் துணி போர்த்திய பழைய கபுர். அந்தக் கல்லறைக்குள் இருப்பவரை மூன்று இனத்தாரும் மூன்று பெயரால் கூப்பிட்டார்கள். மூன்றுமே ஆண் பெயர்கள்.

மறுநாள் காலை இங்கேதான் சுற்றுலாப் பயணிகளுக்கான புது மரபுடைமை நடை தொடங்குகிறது. வழிகாட்டி ஜரீனா. நடை பிடித்துக்கொண்டால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு அவளை அனுப்பிவிடுவார்கள்.

மேலாளர் ரத்னவேல் கழுத்தில் கேமராவோடு முன்பே வந்திருந்தார். “எல்லை காத்த வீரர்” என்று எழுதிய பலகை கபுரின் தலைமாட்டில் பளபளத்தது.

“லேட்டு ஜரீனா. துணியை மாத்துங்க, படம் எடுக்கணும்.”

டன்லப் ஸ்திரீட்டில் வாங்கிய புதுத் துணியைப் பிரித்தாள். வாய்க்குள் ஸலாம் சொல்லிக்கொண்டு பழையதை உருவினாள். கை அப்படியே நின்றுவிட்டது.

தலைக்கல் தட்டை.

அதை ஒட்டி, தாயின் விலாவில் பிள்ளை படுத்திருப்பதைப் போல, ஒரு சாண் உயரத்தில் சின்னக் கல் ஒன்று.

“சார், இது பொம்பளையோட கபுர். பக்கத்துல அவங்க பிள்ளை.”

“யாரு சொன்னா?”

“கல்லைப் பார்த்தாலே தெரியுது சார். ஆம்பளைக்குன்னா உருண்டையா வைப்பாங்க. பொம்பளைக்குத்தான் தட்டை.”

ரத்னவேல் பலகையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “போர்டு அடிச்சாச்சு லா. எவளோ ஒருத்தி பிள்ளையோட செத்துப்போன இடத்தைப் பார்க்க எவன் பஸ் ஏறி வருவான்? பெரிய கல்லுல துணியைத் தடியா சுத்துங்க, உருண்டையாத் தெரியும். சின்னதைப் பிடுங்கிக் கடல்ல போடுங்க.”

“அது பாவம் சார்...”

“சாதியான்னு ஒரு பொண்ணு இந்த வேலைக்குக் காத்துக்கிட்டு இருக்கா. கூப்பிடவா?”

ஜரீனா குனிந்தாள். சின்னக் கல் சுலபத்தில் வரவில்லை. முன்னும் பின்னும் ஆட்டினாள். மண் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தது. பிடுங்கியபோது அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது, முலையிலிருந்து வாயை இழுத்த பிள்ளையின் சத்தம்.

கடலில் எறிய மனம் வரவில்லை. பழைய துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“உம்மா,” என்றாள் நஸீஹா, “அந்த ஆன்ட்டி ஏன் உங்களையே பார்க்குறாங்க?”

“எந்த ஆன்ட்டி?”

பிள்ளை விழுதுகளுக்குப் பின்னால் கைகாட்டினாள். அங்கே யாருமில்லை. ஈரமண்ணும் பச்சைப் பாலும் கலந்த வாடை மட்டும் வந்தது.

துணி சுற்றி, மண்ணைச் சமப்படுத்தி, பூ வைத்து முடிப்பதற்குள் வெயில் இறங்கிவிட்டது. மஃரிபு தொழுகை நேரத்தில் பிள்ளைகளை வெளியில் வைத்திருக்கக் கூடாது. ஜரீனா அவசரமாகக் கூப்பிட்டாள். மரத்துக்குப் பின்னாலிருந்து பிள்ளை வந்தாள். கையைப் பிடித்தாள்.

கை சில்லென்று இருந்தது.

பேருந்தில் பிள்ளை பேசவில்லை. பல்லை நோண்டவில்லை. கண் கொட்டாமல் ஜரீனாவின் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைபேசி அடித்தது. ரத்னவேல்.

“என்னம்மா நீங்க? பெத்த பிள்ளையை விட்டுட்டு எப்படி பஸ் ஏறுனீங்க? இங்க மரத்தடியில நின்னு உம்மா உம்மான்னு அழுவுது!”

ஜரீனா மெல்லத் திரும்பிப் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள்.

அது சிரித்தது. வரிசை குலையாத பற்கள். ஒன்றுகூட ஆடவில்லை.

மடியில் இருந்த பை லேசாக இருந்தது. திறந்தாள். துணி இருந்தது.

கல் இல்லை.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடினாள். அது அவள் கையை விடவில்லை. கூடவே ஓடி வந்தது. அதற்கு மூச்சு வாங்கவில்லை.

மரத்தடியில் ரத்னவேல் மட்டும் கைபேசி வெளிச்சத்தோடு நின்றார். “இப்பத்தான் இங்க நின்னா...” என்றவர், ஜரீனாவின் பக்கத்தில் நின்றதைப் பார்த்ததும் கோபமானார். “கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க! என்னை வெச்சு ரெண்டு பேரும் விளையாடுறீங்களா?”

“சார், இது என் பிள்ளை இல்ல. என் பிள்ளை எங்க சார்?”

வெளிச்சம் கபுரின்மேல் விழுந்திருந்தது. புதுத் துணி அவிழ்ந்து கிடந்தது. தட்டைக் கல்லின் விலாவோடு, அதே குழியில், ஒரு சின்னக் கல் நின்றது.

“அடச்சே. பிடுங்கச் சொன்னா திருப்பி நட்டு வெச்சிருக்கீங்க?”

“நான் வைக்கல சார்.”

“நகருங்க. உங்களால ஆகாது.”

குனிந்து கல்லைப் பிடித்தார். முன்னும் பின்னும் ஆட்டினார்.

“உம்மா, வலிக்குது.”

மண்ணுக்குள்ளிருந்து வந்தது அந்தக் குரல். ரத்னவேலுக்குக் கேட்கவில்லை. இன்னும் பலமாக ஆட்டினார்.

“விடுங்க சார்! விடுங்க!” ஜரீனா அவர் கைகள்மேல் விழுந்து கல்லைக் கட்டிக்கொண்டாள். கல் சூடாக இருந்தது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியைப் போல.

“பைத்தியமா உங்களுக்கு?” ரத்னவேல் கையை உதறிக்கொண்டு எழுந்தார். “பாருங்க, கல்லு வேற பேத்துக்கிச்சு.”

கல்லிலிருந்து உதிர்ந்த வெள்ளைச் சில்லு ஒன்று மண்ணில் கிடந்தது. ஜரீனா அதை விரலால் தொட்டாள். அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு முனையில் ரத்தம் இன்னும் காயவில்லை.

பால்பல்.

பின்னாலிருந்து சில்லென்ற சின்னக் கைகள் அவள் கழுத்தைச் சுற்றிக்கொண்டன.