சீழ் வைக்காத காயம்

புதன்கிழமை, காலை ஆறு மணி. லண்டன் டூட்டிங், கிறிஸ்துராஜாவின் மீன்கடை. பின்னறைக் கதவைத் திறந்த, கடையில் மீன் வெட்டும் மெற்றில்டா, கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே போட்டாள். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே விரித்த மெத்தையில் கடை வேலையாள் செபமாலைமுத்து செத்துக் கிடந்தான். வலது கை தோள்வரை வீங்கியிருந்தது. புறங்கையில் பல் பதிந்த காயம்.

அது யாருடைய பல் என்று கடை முழுக்கத் தெரியும். வெள்ளிக்கிழமை மத்தியானம் நடந்த அடிபிடியில் சமையல்காரன் டெனுசன் கடித்தது. கடை திறக்குமுன் டெனுசனின் கையில் விலங்கு விழுந்தது.

பத்து மணிக்கு டிடெக்டிவ் சார்ஜன்ட் குமுதினி அவன் முன்னால் உட்கார்ந்தாள். லண்டனில் பிறந்தவள், சைவக்காரி, படித்தது கத்தோலிக்கக் கன்னியர் பள்ளிக்கூடத்தில்.

"ஏன் கடிச்சனீர்?"

"அவன் என்ரை கழுத்தை நெரிச்சவன். பிறகென்ன, கொஞ்சவே?"

"எதிலை தொடங்கினது?"

"சாப்பாட்டிலை. நான் காய்ச்சின மீன்குழம்பைக் கோப்பையோடை தள்ளிவிட்டவன். ஒரு கிழமையாய் இதே கூத்து. என்ரை குழம்பு ஐயாவுக்கு ஆகாது. கோழி சூப்பை மட்டும் ஆறவைச்சு உறிஞ்சுவார். அண்டைக்கும் அதுதான். சாட்சி சொல்லப் போற பெரிய மனுசனெல்லே!"

"என்ன சாட்சி?"

"எங்களைப் பின்னறையிலை படுக்கவிடுறாரெண்டு கவுன்சில் முதலாளியிலை வழக்குப் போட்டிருக்கு. வாற திங்கக்கிழமை கோட். வாய் திறக்கிறன் எண்டவன் அவன் ஒருத்தன்தான்." டெனுசன் முன்னால் சாய்ந்தான். "அக்கா, கடிச்சதுக்குக் கொலை வழக்கே? என்ரை சீவியம் மறியல் கம்பிக்குப் பின்னாலை முடியப்போகுதே?"

குமுதினி குறிப்பேட்டை மூடினாள். கடித்த காயத்தால் சாவு என்றால், தப்ப வழியில்லை.

மத்தியானம் அவள் கடைக்குப் போனாள். மெற்றில்டா செதில் சுரண்டிக்கொண்டே பேசினாள். கத்தி நிற்கவில்லை.

"அந்த நாய் கடிச்சுத்தான் செத்தவன். இதிலை விசாரிக்க என்ன கிடக்கு, பிள்ளை?"

"காயத்தை ஆரும் பாத்தவையே?"

"நான் பாக்காமல் வேறை ஆர்? நாளுக்கு ரெண்டுதரம் கழுவிக் கட்டினனான். ஒரு சொட்டுச் சீழ் இல்லை. சுத்தமான காயம், ஆஸ்பத்திரி தேவையில்லை எண்டு முதலாளியும் சொன்னவர். முழங்கால் நோவுக்குக்கூட காலமை காலமை தேத்தண்ணியோடை நான்தான் குளிசை குடுத்தனான்."

"மீன்குழம்பை ஏன் வேண்டாமெண்டவர்?"

"ஈஸ்டருக்கு முந்தின தவசுகாலமெல்லே. கோயிலுக்கு நேத்தி வைச்சிருக்கிறான் எண்டு முதலாளி சொன்னவர்."

காசுப்பெட்டிக்குப் பின்னாலிருந்து முதலாளி கிறிஸ்துராஜா சீறினார். "கொலைகாரனைப் பிடிச்சாச்சு. பிறகென்ன? என்ரை யாவாரத்தைக் குழப்பாதையுங்கோ!"

அவர் கைவிரல்கள் கொக்கிபோல் மடங்கியிருந்தன. மூட்டுகள் புடைத்திருந்தன. சுருட்டிவிட்ட சட்டைக் கைக்குக் கீழே, முழங்கை மடிப்பில், இரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

பிணவறையில் டொக்டர் சிவரூபினி அலுப்போடு நின்றாள்.

"கடிவாயாலை கிருமி இரத்தத்திலை கலந்திருக்கு. சாவுக்கு அதுதான் காரணம்."

"கிருமி பிடிச்ச காயத்திலை சீழ் இல்லையே, டொக்டர்?"

"கேட்கவேண்டிய கேள்விதான். கிருமி உள்ளுக்கை வந்தால் இரத்தத்திலை இருக்கிற வெள்ளணுக்கள் அந்த இடத்துக்கு ஓடும். கிருமியைப் பிடிச்சு விழுங்கும். விழுங்கிப்போட்டுத் தானும் சாகும். அந்தப் பிணக்குவியல்தான் சீழ். இவனுக்கு எலும்பு மச்சையிலையே வெள்ளணுவைக் காணேல்லை. கிருமியோடை மாரடிச்சுத் தீர்ந்துபோயிருக்கும். அப்பிடியும் நடக்கிறது."

"சண்டைபிடிச்சுத் தீர்ந்ததெண்டால் சண்டை நடந்த இடத்திலை அந்தப் பிணம் கிடக்கவேணும். ஒரு சொட்டும் இல்லை. வாயைத் திறந்து பாருங்கோ."

சிவரூபினி குனிந்து பார்த்தாள். நிமிர நேரமெடுத்தது. "முழுக்கப் புண். ஒரு கிழமைக்கு மேலான புண்."

நாலு மணி. குமுதினி இரண்டு பொலிஸ்காரரோடு கடைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"மெற்றில்டா அக்கா, அந்தக் குளிசை ஆர் தந்தது?"

"முதலாளி. தான் தந்ததெண்டு சொல்லவேண்டாம், கோபத்திலை விழுங்கமாட்டான் எண்டவர்."

"முதலாளியின்ரை மூட்டுவாதத்துக்குக் குடுத்த குளிசை அது. வாரத்துக்கு ஒருக்கா மட்டும் விழுங்கவேண்டியது. நாளாந்தம் விழுங்கினால் வெள்ளணு உண்டாகாது. வாய் வெந்துபோகும். உறைப்புப் பட்டால் உயிர்போகும். அதுதான் ஆறின சூப். டெனுசன் கடிக்கமுந்தியே அந்த உடம்பிலை காவல் இல்லை. காவல் இருந்திருந்தால் அந்தக் காயம் சீழ்வைச்சு ஆறியிருக்கும்."

"முழங்கால் நோகுதெண்டான், இரங்கிக் குடுத்தன்!" கிறிஸ்துராஜா கத்தினார். "எனக்கென்ன தெரியும்? நான் டொக்டரே?"

"உங்களுக்கு ஏன் இரத்தம் எடுக்கினம், அண்ணை? வெள்ளணு குறையுதோ எண்டு பாக்க. வாய்ப்புண் வந்தால் உடனை வரச்சொல்லி உங்களுக்குச் சொல்லியிருப்பினம். அவனுக்கு அது வந்தபோது நேத்தி எண்டு மூடினீங்கள். அங்கைதான் பிழை விட்டீங்கள். தவசுகாலத்து வெள்ளிக்கிழமை இறைச்சிதான் ஆகாது, மீன் தின்னலாம். மீனைத் தள்ளிப்போட்டுக் கோழி சூப் குடிக்கிற நேத்தி எந்தக் கோயிலிலை கிடக்கு?"

மெற்றில்டாவின் கத்தி பலகையில் விழுந்தது. "வேதக்காரி நான், எனக்கு இது விளங்கேல்லையே! என்ரை கையாலையே குடுக்கவைச்சிட்டியே, பாவி!"

கிறிஸ்துராஜா அவளைப் பார்க்கவில்லை. "சாகட்டும் எண்டு குடுக்கேல்லை. திங்கக்கிழமை கோட்டுக்கு எழும்பாமல் கிடந்தால் போதும் எண்டுதான்."

விலங்கு அந்தப் புடைத்த மணிக்கட்டில் சிரமப்பட்டுத்தான் பூட்டியது.

பொழுதுபட, டெனுசனை விட்டார்கள். கடித்த வழக்கு இருக்கிறது, கொலை வழக்கு இல்லை என்று குமுதினி சொன்னாள். பிறகு நடந்ததையெல்லாம் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வரும், குறைந்தது பெருமூச்சாவது வரும் என்று நினைத்தாள். அவன் பொலிஸ் நிலையப் படியில் குந்திவிட்டான்.

"வாய் வெந்தே கிடந்தவன்?"

"ஓம்."

"சொல்லித் துலைச்சிருக்கலாமே, மடையன். கஞ்சி காய்ச்சிக் குடுத்திருப்பனே."