முப்பத்திரண்டு அழகான கண்டுகள்

அன்று காலை பதினொரு மணிக்கு நூல் ஆலையின் அலுவலக அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஆலையை நடத்தும் பெரியவர், நூல் சுற்றும் பிரிவைக் கவனிக்கும் அவருடைய தம்பி சின்னவர், சின்னவரின் மனைவி, எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற, ஊரார் ‘தராசு’ என்று அழைக்கும் மனிதர், அவருடைய மைத்துனரான தையற்காரர். கதவுக்குப் பின்னால் ஆறாவதாக ஒருவர் நின்றதாகச் சொல்பவர்கள் உண்டு. ஒட்டுக்கேட்கும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

தராசை அழைத்து வந்தவள் சின்னவரின் மனைவி. காலையில் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றவள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“எங்க வீட்டுக்காரர் நூல் திருடிட்டாருன்னு பெரியவர் சொல்றாருங்க. பன்னெண்டு மணிக்குள்ள ஆலையையும் மாடி வீட்டையும் விட்டுப் போகணுமாம். இவரானா வாயையே திறக்க மாட்டேங்கறாரு. நீங்க வந்து என்னன்னு கேளுங்க.”

விஷயம் இதுதான். ஒரு ஆயத்த ஆடை நிறுவனம் பன்னிரண்டாயிரம் நூல்கண்டுகள் கேட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் நூறு மீட்டர் நூல் என்று சீட்டு ஒட்டியிருக்கும். சரக்கை எடுப்பதற்கு முன் முப்பது கண்டுகளை மாதிரிக்கு வாங்கிப் பிரித்து அளந்தார்கள். சராசரி தொண்ணூற்றாறு மீட்டர் வந்தது. சரக்கு வேண்டாம் என்று கடிதம் எழுதிவிட்டார்கள். குறைந்த அளவுச் சரக்கு தன் கூரையின் கீழ் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது என்று, கடிதம் வந்த அன்றே எல்லாவற்றையும் பெட்டியோடு காகித ஆலைக்கு அனுப்பி, வெட்டிக் கூழாக்கவைத்துவிட்டார் பெரியவர்.

“கண்டுக்கு நாலு மீட்டர். பன்னெண்டாயிரம் கண்டு. நாப்பத்தெட்டு கிலோமீட்டர் நூல்!” பெரியவர் தம்பியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். “எங்க கொண்டுபோய் வித்தான்னு கேளுங்க.”

“நாப்பத்தெட்டு கிலோமீட்டரா? தூக்கிட்டு நடந்தாலே ரெண்டு நாள் ஆகுமே, அத்தான்!” என்றார் தையற்காரர்.

“மாப்ளே, கொஞ்சம் வாயை மூடு” என்றார் தராசு. பிறகு பெரியவரிடம் திரும்பினார். “அளந்த கண்டெல்லாம் பிரிச்சுப் போட்டிருப்பாங்க. பிரிக்காதது ஏதாவது திரும்பி வந்துச்சா?”

“ரெண்டு வந்துச்சு. முப்பது கேட்டா முப்பத்திரண்டு அனுப்புறது எங்க மரியாதை.”

மேசைமேல் அந்த இரண்டும் இருந்தன. சின்னவரின் மனைவி தன் தையல் பெட்டியைத் திறந்தாள். அதே சரக்கிலிருந்து, பெட்டியில் அடைப்பதற்கு முன், வீட்டுக்கென்று எடுத்த எட்டுக் கண்டுகள் அதில் இருந்தன. தையற்காரர் ஆர்வம் தாங்காமல் இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“அத்தான், இங்க பாருங்க! திரும்பி வந்தது ரெண்டும் எவ்வளவு வழவழன்னு இருக்கு! நூல் கட்டையோட விளிம்புக்கு உள்ளேயே படிஞ்சிருக்கு. அம்மா வச்சிருக்கறது எல்லாம் தொந்தி தள்ளி நிக்குது.”

தராசு தலையசைத்துவிட்டு மேசையில் கிடந்த லாரிச் சீட்டை எடுத்தார். காகித ஆலைக்குப் போன பெட்டிகள் இருபத்தைந்து. இருபத்து நான்கில் ஒட்டிய நாடா அப்படியே இருந்தது. ஒன்றில் மட்டும் அறுந்திருந்தது என்று சீட்டில் குறித்திருந்தார்கள்.

“மாதிரி எல்லாம் அந்த ஒரே பெட்டியிலிருந்து எடுத்ததா?”

“ஆமா. என் கையாலேயே எடுத்தேன்.”

“எவ்வளவு நேரம் ஆச்சு?”

அதுவரை பேசாதிருந்த சின்னவர் மெதுவாகச் சொன்னார்: “அண்ணன் அன்னிக்கு மத்தியானம் சாப்பிடக்கூட வரல. ரெண்டு மணி நேரம் கிடங்குல இருந்தாரு.”

“முப்பத்திரண்டு கண்டை அள்ளிப்போட ரெண்டு நிமிஷம் போதும்” என்றார் தராசு. “ரெண்டு மணி நேரம் எதுக்கு? ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்திருக்கீங்க. சரிதானே?”

பெரியவரின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. “வெளியே போற எங்க சாமான் கோணல்மாணலா இருக்கக் கூடாது. எங்கப்பா காலத்திலிருந்து அதான் வழக்கம். தொந்தி தள்ளினது, சீட்டு சுருங்கினது எல்லாத்தையும் ஒதுக்கிட்டு நல்லதா முப்பத்திரண்டு பொறுக்கினேன். அதுல என்ன தப்பு?”

“எந்தக் கண்டு தொந்தி தள்ளும்?”

தையற்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். “நூல் நிறைய இருக்கறது! ஐயோ, நூல் கம்மியா இருக்கறதுதான் அழகா இருக்கும்!”

தராசு குரலை உயர்த்தாமல் பேசினார்.

“எந்த இயந்திரமும் எல்லாக் கண்டையும் ஒரே அளவுல சுத்தாது. சிலது நூத்திமூணு, சிலது தொண்ணூத்தாறு. முழுச் சரக்குக்குன்னு ஒரு சராசரி உண்டு. அது ஒண்ணே ஒண்ணு. நாம அளந்தாலும் அளக்காட்டாலும் மாறாது. மாதிரியோட சராசரி அப்படி இல்லை. எந்த முப்பதை எடுக்கறோமோ, அதுக்குத் தக்கபடி மாறும். கண்ணை மூடிக்கிட்டு எல்லாப் பெட்டியிலிருந்தும் கலந்து எடுத்திருந்தா, மாதிரி சொல்றதை வச்சு முழுசையும் ஓரளவு நம்பலாம். நீங்க கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுப் பொறுக்கினீங்க. தொண்ணூத்தாறுங்கறது நீங்க பொறுக்கினதோட அளவு. அதைப் பன்னெண்டாயிரத்தால பெருக்கித் தம்பி தலையில வச்சுட்டீங்க.”

சின்னவரின் மனைவி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். தையற்காரர் அதற்குள் அவளுடைய எட்டுக் கண்டுகளையும் பிரித்து மேசை நீளத்துக்கு அளக்கத் தொடங்கியிருந்தார். அரைமணி நேரத்தில் முடித்தார்.

“சராசரி நூத்தியொண்ணு! முடிஞ்சுது அத்தான், சின்னவர் மேல குத்தமே இல்லை!”

“அம்மா, இந்த எட்டை எப்படி எடுத்தே?” என்று கேட்டார் தராசு.

அவள் தயங்கினாள். “வீட்டுக்குத்தானேன்னு... நல்லாக் கனமா இருக்கறதாப் பாத்து எடுத்தேங்க.”

தையற்காரர் கையிலிருந்த நூலை மேசைமேல் போட்டார்.

“அவர் மெலிஞ்சதைப் பொறுக்கினாரு, நீ பருத்ததைப் பொறுக்கினே” என்றார் தராசு. “இந்த எட்டும் சாட்சி சொல்லாது.”

பெரியவர் முதல்முறையாகத் தம்பியைப் பார்த்தார். பிறகு தராசிடம் கேட்டார்: “அப்போ சரக்கு சரியாத்தான் இருந்துச்சா?”

“தெரியாது.”

“அளந்து பாக்க முடியாதா?”

“எதை அளக்கறது? எல்லாத்தையும் வெட்டிக் கூழாக்கிட்டீங்களே. அந்தச் சராசரி நூறா, தொண்ணூத்தெட்டான்னு இனிமே யாருக்கும் தெரியாது. திருடினார்னு சொல்ல உங்ககிட்ட ஆதாரம் இல்லை. திருடலைன்னு காட்ட என்கிட்டயும் ஒண்ணும் இல்லை.”

சுவர்க்கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. பெரியவர் எழுந்து, தம்பியை வெளியேறச் சொல்லி எழுதி வைத்திருந்த தாளை நான்காகக் கிழித்தார். “இருடா” என்றார்.

சின்னவர் மறுத்துத் தலையாட்டினார். “நாளைக்கு யாராவது வந்து, ‘உங்க தம்பி யோக்கியனா?’ன்னு கேட்டா என்னண்ணா சொல்லுவீங்க? தெரியாதுன்னுதானே. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அந்தத் ‘தெரியாது’க்குப் பக்கத்துல தினமும் வந்து உக்காந்து என்னால நூல் சுத்த முடியாதுண்ணா.”

தையற்காரர் பிரித்த நூலை ஒரு கட்டையில் திரும்பச் சுற்றப் பார்த்தார். அது சிக்கலாகிப் போயிருந்தது.

நூல் திருடிய தம்பி அகப்பட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடிவிட்டார் என்று கடைத்தெருவில் இன்றும் பேசுகிறார்கள். அது பொய். சின்னவர் பட்டப்பகல் ஒரு மணிக்கு, முன்வாசல் வழியாக, மனைவியுடன் நடந்து போனார். அவருடைய இரும்புப் பெட்டிக்கு இரண்டு கைப்பிடிகள் இருந்தன. ஒன்றை அவர் பிடித்திருந்தார். பேருந்து நிலையம்வரை மற்றொன்றைப் பிடித்து வந்தவர் பெரியவர்.