மேற்கு வீட்டு நிழல்

பரமக்குடியில் வீட்டுக்கு ஒரு மரத்துக்குத்தான் நகராட்சியில் தண்ணீர் விடுவார்கள். அதனால் வருநிழல்காட்டி என்ற கருவியைக் கேட்காமல் யாரும் குழி தோண்டுவதில்லை. மரத்தின் பெயரைச் சொன்னால் போதும். எந்த வருடம், எந்த நேரம், அதன் நிழல் எங்கே விழும் என்று தரையிலேயே நீல வெளிச்சத்தில் வரைந்து காட்டிவிடும்.

செல்வகனி காலையிலிருந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கோடையில் மேற்கு அறைச் சுவர் தோசைக்கல்லாகக் காய்ந்தது. பகலில் குளிர்சாதனத்துக்கு மின்சாரம் கிடையாது. "அந்த ரூம்ல பிள்ளையப் போட முடியாதும்மா" என்று சொல்லிவிட்டு, மகள் கைக்குழந்தையோடு புகுந்த வீட்டுக்கே திரும்பிவிட்டாள். இனி கோடையில் வரமாட்டாளாம். பேரனைத் தூக்காத கை செல்வகனிக்கு வெறிச்சென்று இருந்தது.

"வாசல்ல வேம்பு வச்சா?"

"நன்றாக வளரும். ஆனால் பிற்பகல் நிழல் கிழக்கு வீட்டு இன்னாசியின் சுவரில்தான் விழும்" என்றது கருவி.

"அப்ப எனக்கு எங்கதான் வைக்கிறது?"

நீல வெளிச்சம் மதிலைத் தாண்டியது. மேற்கு வீட்டு மைதீனின் தோட்டத்தில், வெட்டிய புங்கைமரத்தின் அடிக்கட்டையில் போய் நின்றது. "இங்கே. வேர் உயிரோடு இருக்கிறது. துளிரை விட்டுவைத்தால் சில கோடைகளுக்குள் உங்கள் அறைக்கு நிழல் வரும்."

இலை தன் பக்கம் குப்பையாகக் கொட்டுகிறது என்று சண்டை பிடித்து அந்த மரத்தை வெட்ட வைத்தவரே செல்வகனிதான். அன்றிலிருந்து இரு வீட்டுக்கும் பேச்சில்லை.

சாயங்காலம் தயங்கித் தயங்கி மைதீன் வீட்டில் போய் நின்றார். விஷயத்தைக் கேட்டதும் மைதீன் அடிக்கட்டையைப் பார்த்தார்.

"அது துளிர்த்துக்கிட்டேதான் இருக்குக்கா. நீங்க சத்தம் போடுவீங்கன்னு நாந்தான் ஒடிச்சு ஒடிச்சுப் போடுறேன்."

"இனி ஒடிக்காதீங்க பாய். எல விழுந்தா நான் கூட்டிக்கிறேன்."

மைதீன் லேசாகச் சிரித்தார். "சரிக்கா. விட்ருவோம்."

வீடு திரும்பிய செல்வகனி தன் வாசலுக்கு ஒரு வேப்பங்கன்று வேண்டுமென்று கருவியில் பதிந்தார். "இந்த நிழல் உங்களுக்குப் பயன்படாது" என்று கருவி எச்சரித்தது.

"தெரியும். பதி."

பிறகு கிழக்கு வீட்டுக் கதவைத் தட்டினார். இன்னாசி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"நெழலு நல்லதுதான்க்கா. ஆனா எல எங்க பக்கமில்ல கொட்டும்?"

செல்வகனிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கொட்டும் தம்பி. அதான் வெளக்கமாத்தையும் கையோட எடுத்துட்டு வந்திருக்கேன்."