இதம் ஒன்பது

"நீங்க எது வாங்கிக் குடுத்தாலும் எனக்குச் சந்தோஷந்தான் அப்பா" என்றது வெண்பாவின் சட்டைக் கழுத்தில் இருந்த உரைப்பான்.

சிகாமணி தலையில் கை வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை மகளுக்குப் பதினெட்டு முடிகிறது. பறக்கும் ஸ்கூட்டர் வேணுமா கண்ணு என்று கேட்டாயிற்று. வைர மூக்குத்தி, நிலாவுக்கு ஒரு வாரப் பயணம், எல்லாம் கேட்டாயிற்று. எதற்கும் அதே தேன் ஒழுகும் பதில். இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று அவர் மனைவி சுகன்யா பூரித்துப்போனாள். அவருக்கோ எரிச்சலாக வந்தது. கேள்வி கேட்டால் பதில் வர வேண்டாமா?

வெண்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஆட்டிசம். பிறந்ததிலிருந்து வாய் திறந்து பேசியதில்லை. அதற்காக இப்போதெல்லாம் கோயமுத்தூரில் யாரும் கோயில் கோயிலாக அலைவதில்லை. காதுக்குப் பின்னால் ஒரு வில்லையை ஒட்டிவிட்டால் போதும். மனதில் எழும் சொல்லை அது பிடித்துக்கொள்ளும். பொத்தான் அளவு உரைப்பான் அதை வாய்விட்டுச் சொல்லும். பள்ளிக்கூடத்துப் பரீட்சைகூட அதன் வழியாகத்தான். கையால் எழுதுவதெல்லாம் மலையேறிப் பல வருஷமாகிறது.

பொறுத்துப் பார்த்த சிகாமணி, செவ்வாய்க்கிழமை காந்திபுரத்தில் இருந்த உரைப்பான் பழுதுபார்க்கும் கடைக்கே போய்விட்டார்.

"பொண்ணுக்கு நிஜமா என்ன வேணும்னு தெரியணுங்க. இது மழுப்புது" என்றார்.

அங்கிருந்த பெண் அவர் கொண்டுபோன உரைப்பான் எண்ணைத் தட்டிப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். "இதத்தை ஒன்பதுல வச்சுட்டு இங்க வந்து கேட்டா எப்படிங்க சார்?"

சிகாமணிக்குச் சுருக்கென்றது. மறந்தே போயிருந்தார். மறந்தது போல இருந்தார் என்றும் சொல்லலாம்.

உரைப்பானின் ஓரத்தில் கடுகளவு திருகு ஒன்று உண்டு. பூஜ்யத்தில் வைத்தால் நினைத்தது நினைத்தபடி வரும். எண் ஏற ஏறப் பேச்சில் இதம் கூடும். பெற்றவர்களின் பெருவிரல் பட்டால்தான் அது நகரும்; உரைப்பானும் வில்லையும் கழல்வதும் அப்படித்தான். வெண்பாவுக்கு ஆறு வயதில் முதன்முதலாக மாட்டியபோது அது பூஜ்யத்தில்தான் இருந்தது. குடும்பமே சுற்றி நின்று, மகளின் முதல் பேச்சைக் கேட்கக் காத்திருந்தது. உரைப்பான் சொன்னது: "அப்பா நாறுது. தள்ளிப் போ."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அன்றைக்கே குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு திருகை ஒன்பதுக்கு ஏற்றினார். சுகன்யாவிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் காலை, "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்றது உரைப்பான். அவர் உருகிப்போனார். பன்னிரண்டு வருஷமாக உருகிக்கொண்டே இருக்கிறார்.

"அப்ப அவ நிஜமாச் சொன்னதெல்லாம்? அதை எடுத்துக் குடுக்க முடியுங்களா?"

"அசலை நாங்க சேமிக்கறதில்லைங்க. இதம் போட்டு வெளிய வர்றதுதான் பதிவாகும்." அவள் ஒரு தாளை நீட்டினாள். "பதினெட்டு முடியுதில்லைங்களா? இதுல கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, வெள்ளிக்கிழமையிலிருந்து திருகறதும் கழட்டறதும் அவங்க விரலுக்கு மாறிடும். போடலேன்னா கடைசி வரைக்கும் உங்ககிட்டயே இருக்கும். முக்காவாசிப் பேர் போடறதில்லைங்க."

கையெழுத்துப் போடாவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. போட்டால் அன்பான மகள் இருக்கிறாளா இல்லையா என்பது தெரிந்துவிடும். இரண்டு நாள் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். வியாழன் காலை, "வெயில்ல அலையாதீங்க அப்பா" என்று உரைப்பான் சொன்னபோது, பஸ் ஸ்டாண்டு ஒலிபெருக்கியைக் கேட்பது போல இருந்தது. தட்டில் வைத்த இட்லியைத் தள்ளி வைத்தார். இதற்கு மேல் இதைக் கேட்டுக்கொண்டு வாழ முடியாது என்று பட்டது. எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டுக் கடையில் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை வீடு நிறைய சொந்தம். தாய்மாமன் ரங்கதுரை மூன்றடுக்குக் கேக்கோடு வந்து, பாட்டைக் காது கிழிய வைத்திருந்தார். சிகாமணி மகள் முன்னால் போய் நின்றார். நடந்ததை எல்லார் முன்னாலும் ஒளிக்காமல் சொன்னார். அவள் பெருவிரலைப் பிடித்து வைத்தே திருகைப் பூஜ்யத்துக்கு இறக்கினார்.

"இனி இது உன்னுது கண்ணு. அப்பா தொடமாட்டேன். இப்பச் சொல்லு, உனக்கு என்ன வேணும்?"

"பாட்டை நிறுத்து" என்றது உரைப்பான்.

ரங்கதுரை அலறி அடித்துக்கொண்டு நிறுத்தினார். "அட, என்ன மாப்ளே இது!" என்று முணுமுணுத்தார்.

"நான் சொல்றது ஒண்ணு. இது சொல்றது ஒண்ணு. எனக்குக் காது கேக்கும்."

சுகன்யா சிகாமணியைத் திரும்பிப் பார்த்தாள். உரைப்பான் தொடர்ந்தது.

"இதைக் கழட்டுன்னு சொன்னேன். தினமும் சொன்னேன்."

சிகாமணி யோசித்துப் பார்த்தார். இதைக் கழட்டு என்பது ஒன்பதில் எப்படி வந்திருக்கும்? 'அப்பா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்.' ஆமாம், தினமும் கேட்பாள். அவரும் ஆசையாகக் கழற்றி, தூசி துடைத்து, மறுபடி அழுத்தி மாட்டிவிடுவார். மகளுக்குத் தன்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று பெருமையாக வேறு இருக்கும்.

அடக்க முடியாமல் அழுதார். "அப்பா உன் நல்லதுக்குத்தான் சாமி செஞ்சேன். ஊர் உன்னைத் தப்பா நினைச்சிடுமோன்னு... என்னை மன்னிச்சிரு சாமி, மன்னிச்சிரு."

வெண்பா அவரைக் கூர்ந்து பார்த்தாள். தன் காதுக்குப் பின்னால் இருந்த வில்லையை எடுத்து அவர் காதுக்குப் பின்னால் ஒட்டினாள். உரைப்பானை அவர் சட்டைக் கழுத்தில் மாட்டினாள். திருகு பூஜ்யத்திலேயே இருந்தது.

"நல்ல அப்பான்னு சொல்லு" என்றது உரைப்பான், சிகாமணியின் கழுத்திலிருந்து.

அவர் பதறிப்போய் அதைக் கையால் பொத்தினார். விரலிடுக்கு வழியாக அது மறுபடியும் சொன்னது. "எல்லார் முன்னாலயும் சொல்லு."

சுகன்யா வாயைப் பொத்திக்கொண்டாள். வெண்பா மெதுவாக அவர் கையை விலக்கி, இரண்டையும் எடுத்துத் தனக்கே மாட்டிக்கொண்டாள். சற்று நேரம் விரல்களை மடக்கி விரித்தாள். பிறகு, அன்றைக்குத்தான் உரிமை வந்த பெருவிரலால், திருகை எட்டிப் பிடித்து ஒன்பது வரைக்கும் ஏற்றினாள்.

"நீங்க ரொம்ப ரொம்ப நல்ல அப்பா."

ரங்கதுரை கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். சிகாமணி மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"நிஜமாவா கண்ணு?" என்று கேட்டார்.

"நிஜமாத்தான் அப்பா" என்றது உரைப்பான்.