நெஞ்சில் இல்லாத பிளாஸ்திரி

நூல் அறுந்து தையல் மெஷின் நின்றபோதுதான் அவளுக்கு அந்தக் குறட்டை கேட்டது.

காலையிலிருந்து மோட்டார் இரைச்சலில் காது அடைத்துப்போயிருந்தது. விடுதி ஒன்றுக்கு ஜன்னல் திரைச்சீலைகள், நாளைக்குள் கொடுத்தாக வேண்டும். மேசை கொள்ளாமல் நாலு பக்கமும் தரைவரை தொங்கிய கனத்த துணிக்கு நடுவே, மழை இருட்டில் கூடத்து விளக்கைப் போட்டுக்கொண்டு, புதுத் துணியின் கஞ்சி வாடையும் மெஷின் எண்ணெய் வாடையும் மூக்கில் ஏற, மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தாள். மாமனார் தூங்கிவிட்டார் போலிருக்கிறது, அப்பாடா என்று நினைத்தாள். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அதெல்லாம் உறைத்து மாதக்கணக்காகிறது.

போர்வையை இழுத்துவிடலாம் என்று அவர் அறைக்குப் போனாள். மாமனார் கண்ணை அகல விழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குறட்டை நிற்கவில்லை.

"தூங்கலையா மாமா?"

"எங்கம்மா தூங்கறது. யாரு அது? ரொம்ப நேரமா லாரியை மேட்டுல ஏத்துற மாதிரி இழுத்துக்கிட்டு இருக்கு." ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவர். எலும்பில் புற்றுநோய் வந்து படுத்த பிறகும் அவருக்கு எல்லாமே லாரிதான்.

அவளும் காது கொடுத்துக் கேட்டாள். கரகரவென்று ஓர் இழுப்பு. ஒரு மௌனம். மறுபடி இழுப்பு. வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். கணவன் வேலைக்குப் போயிருந்தான். ஒத்தாசைக்கு வந்த நாத்தனார் இவள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருந்தாள். வாசற்கதவு சாத்திய சத்தம் தையலுக்கு நடுவே அவள் காதில் விழுந்ததே.

பக்கத்து வீட்டுக்காரராக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பயப்படவும் தெம்பு வேண்டாமா?

"வலி இன்னைக்கு உயிர் போகுதும்மா," என்றார் மாமனார். "நேத்து ஒட்டின பிளாஸ்திரியில மருந்தே இல்ல போலிருக்கு."

அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள். நெஞ்சு வியர்த்து நசநசவென்று இருந்தது. பிளாஸ்திரி இருந்த இடத்தில் வெளுத்துப்போன ஒரு சதுரம். பிளாஸ்திரி இல்லை.

தீப்பெட்டி அகலம்கூட இருக்காது அது. தோல் வழியாக மூன்று நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை உள்ளே விடும். முதன்முதலில் ஒட்டிக் காட்டிய நர்ஸ் கறாரான பெண். "மேல சூடு படவே கூடாது, மருந்து மொத்தமா இறங்கி மூச்சை அடக்கிடும். ஓரம் கிளம்பியிருக்கான்னு தினம் பாருங்க. உரிச்செடுத்த பழசுலயும் மருந்து பாக்கி இருக்கும். ஒட்டுற பக்கம் உள்ள போற மாதிரி மடிச்சு, அப்புறம்தான் போடணும். குழந்தை இருக்கிற வீடு, ஞாபகம் வச்சுக்குங்க," என்றாள். இவளும் தலையாட்டினாள். இன்றைக்கு ஓரத்தைப் பார்க்கவில்லை. தையல், தையல், தையல்.

தலையணையைப் புரட்டினாள். விரிப்பை உதறினாள். கால்மாட்டில் வெதுவெதுப்பாக ஏதோ கையில் பட்டது. வெந்நீர்ப் பை.

"இது யாரு வச்சது?"

"உன் நாத்தனார்தான். குளிருதுன்னேன். பாவம், நெஞ்சுல வச்சுவிட்டா. நல்லா இதமா இருந்துச்சு. வேர்த்ததும் எடுத்துட்டேன்."

நல்லெண்ணம்தான். யாரைக் குறை சொல்வது. வியர்வையில் பசை விட்டிருக்கும், எங்கேயாவது விழுந்திருக்கும். கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினாள். தூசி, ஒற்றைச் செருப்பு. வேறொன்றும் இல்லை. கூடத்துப் பக்கமிருந்து குறட்டை வந்தது. இப்போது இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவே மௌனம் நீண்டிருந்தது.

"அப்புறம் குட்டி வந்து என் நெஞ்சு மேல படுத்துக்கிட்டா," என்றார் மாமனார், பேத்தி நினைப்பில் வலியை மறந்து. "காதை வச்சு, தாத்தா, உள்ள இன்ஜின் ஓடுதுங்கறா. வாயாடி. அப்படியே கொட்டாவி விட்டுக்கிட்டு இறங்கிப் போனா."

போனை எடுத்து நாத்தனாரைக் கூப்பிட்டாள். குரல் நிதானமாகத்தான் வந்தது. "குழந்தையை நிறுத்தி உடனே உடம்பைப் பாரு. கழுத்து, காது, கன்னம், எல்லாம். அப்பாவோட பிளாஸ்திரி ஒட்டியிருக்கான்னு பாரு."

மறுமுனையில் மழைச் சத்தம்.

"குழந்தையா? நான் எங்க அண்ணி கூட்டிட்டு வந்தேன்? சொல்லிட்டுத்தானே கிளம்பினேன். நீங்க தலையாட்டினீங்களே."

"என்ன சொன்ன?"

"தூங்கிட்டா, எழுப்பலைன்னு. உங்க மேசைக்கு அடியிலதான். துணி மூட்டை மேல."

வீடு நிசப்தமாக இருந்தது.

எப்போது நின்றது?

கூடம். மேசை. தொங்கும் துணி. கால் நகர மாட்டேன் என்றது. நகர்ந்தது. இவ்வளவு நேரமும் இவள் கால் அங்கேதான் இருந்தது, மெஷின் மிதியின் மேல். ஒரு சாண் தள்ளி.

துணியைத் தூக்கினாள்.

வெட்டுத் துணிகளின் மேல் குட்டி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வாய் திறந்திருந்தது. முடியை ஒதுக்கினாள். காதுக்குக் கீழே, கழுத்து மடிப்பில், சின்னச் சதுரம். ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தது. பெரியவர்கள் பார்த்துப் பார்த்து ஒட்டினாற்போல.

உரித்தாள். ஒட்டுகிற பக்கம் உள்ளே போகிற மாதிரி மடித்தாள். கை தானாகச் செய்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை போன பக்கமே போனது. உதடு நீலம். மை குடித்த மாதிரி.

"அண்ணி, என்னாச்சு? அண்ணி? கடைக்காரர் போன்ல அண்ணனுக்குச் சொல்லி ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்றேன். மூச்சு வருதா பாருங்க. மூக்குல விரல் வச்சுப் பாருங்க."

வைத்தாள்.

ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல். சூடு தெரியாது, ஈரம் தெரியாது. அடுத்த விரலை வைத்தாள். அதுவும் அப்படித்தான். இன்னொரு கையை வைத்தாள்.

"வருதா அண்ணி?"

அவள் விரலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தாள்.