கரண்ட் இல்லாமல் ஓடிய தறி

ட்ரிங்... ட்ரிங்...!

கௌரியம்மாள் ரிசீவரை எடுத்தாள்.

"நான்தாண்டி. ஷெட்லதான் இருக்கேன். சாப்பாட்டுக்கு வர லேட்டாவும்."

கணவர் கோதண்டபாணி. பவர்லூம் ஷெட் முதலாளி. கிளப்பில் சீட்டாடிக்கொண்டே, ஷெட்டில் இருப்பதாகப் போனில் புளுகுவதில் பத்து வருஷ அனுபவம்!

"ஷெட்டா? தறி சத்தத்தையே காணோம்?"

"கரண்ட் போய் அஞ்சு நிமிஷம் ஆவுதுடி! உன் தலைக்கு மேல ஃபேனைப் பாரு!"

பார்த்தாள். நின்றிருந்தது. இருந்தாலும் நம்பவில்லை.

அப்போதுதான் ரிசீவருக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் அலறல்!

"ஐயோ... மேஸ்திரியை யாரோ அடிச்சுப் போட்டுட்டாங்க...!"

அட! மனுஷன் இன்றைக்கு நிஜமாகவே ஷெட்டில்தான் இருக்கிறார்!

*

திருத்தணி. 1984. காலை பதினொரு மணி.

மேஸ்திரி பக்தவச்சலம் கடைசித் தறிக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார். நெற்றியில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம். மூச்சு இருந்தது. பேச்சு இல்லை.

"யாரும் பாக்கலையா?" என்றார் இன்ஸ்பெக்டர் கங்காதரன்.

"கரண்ட் போனதும் எல்லாரும் டீ குடிக்கப் போய்ட்டாங்க சார். நானு ஆபீஸ் ரூம்ல போன்ல இருந்தேன். தார்க்குச்சில நூல் சுத்துற பொண்ணு திரும்பி வந்து பாத்துதான் கத்துச்சு."

"யார் மேல சந்தேகம்?"

"வேற யாரு? மணவாளன்தான்!" கோதண்டபாணி பொங்கினார். "வூட்லயே நெய்யறேன்னு கெஞ்சினான் சார். ஒரு தறியைக் குடுத்துத் தொலைச்சேன். வூட்ல குந்திகினா எவன் வேலை செய்வான்? அதான் கண்டிஷன் போட்டேன். காலைல எட்டுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் தறி சத்தம் தெருவுக்குக் கேக்கணும். நின்னுச்சு... தறியைப் புடுங்கிடுவேன்!"

"சரி, அதுக்கும் இதுக்கும் இன்னா?"

"நாலு நாள் முன்னாடி அரை நாள் லீவு கேட்டான். மேஸ்திரி முடியாதுன்னார். 'உன் மண்டையைப் பொளக்கிறேன் பாரு'ன்னு கத்திட்டுப் போனான் சார்!"

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டினார்.

"வாங்க, போலாம்."

*

மணவாளன் வீட்டு வாசலில் எதிர்வீட்டு எல்லம்மாள் வழிமறித்தாள்.

"அந்தப் புள்ளையா? சாமி சத்தியமா இல்லைங்க! காலைலேர்ந்து தறியை வுட்டு நகரவே இல்ல. ஓட்டிகினேதான் இருக்குது. இதோ, இப்பக்கூடக் கேளுங்க!"

டக்... டக்... டக்... டக்...

தறிச் சத்தம் தெருவையே நிறைத்தது.

"பாத்தீங்களா மொதலாளி? உங்க ஆளு வேலைலதான் இருக்கான்" என்று திரும்பிய இன்ஸ்பெக்டர், சட்டென்று நின்றார்.

"ஏம்மா... உங்க வூட்ல கரண்ட் இருக்குதா?"

"எங்கீங்க? தெருவுக்கே இல்ல!"

"அப்போ... இந்தத் தறி எப்படி ஓடுது?"

எல்லம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கதவைத் தள்ளினார். உள்ளே தறி இருந்தது. அசையவில்லை! ஆனால், டக்... டக்... டக்...!

கோதண்டபாணிக்கு வியர்த்தது. "மு... முருகா...!"

இன்ஸ்பெக்டர் குனிந்தார். தறிக்கு அடியில் ஒரு டேப்ரெக்கார்டர்! கேசட் சுற்றிக்கொண்டிருந்தது.

"பாட்டரி போட்டு நெய்யறான்யா உம்ம ஆளு!"

அதே நேரம் பின்கதவு திறந்தது. தலையில் முண்டாசோடு மணவாளன்! போலீஸைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"எங்கடா போயிருந்தே? மேஸ்திரி மண்டையைப் பொளந்துட்டு வர்றியா? வருஷக்கணக்குல உள்ள இருப்பே!"

"சார்... நானு..."

வாசலில் ரிக்ஷா வந்து நின்றது. மயக்கம் தெளிந்து, நெற்றியில் ஈரத் துணியோடு, சாட்சாத் மேஸ்திரி பக்தவச்சலம்!

"யாருய்யா உன்னை அடிச்சது?"

மேஸ்திரி விழித்தார். முதலாளியைப் பார்த்தார். பிறகு மணவாளன் பக்கம் விரலை நீட்டினார்.

"இவன்தான் சார்! நேருக்கு நேரா வந்து கட்டையால அடிச்சான். நானும் சும்மா வுடல. தலைமுடியைக் கொத்தாப் புடிச்சு உலுக்கிட்டேன்!"



மணவாளன் மெதுவாக முண்டாசை அவிழ்த்தான்.

மொழுக்கென்று மொட்டை! அதன் மேல் காய்ந்து வெடித்த சந்தனம்!

இன்ஸ்பெக்டர் சிரித்தே விட்டார்.

"யோவ்! அரை மணி முன்னாடி கொத்தாப் புடிச்சியா? அதுக்குள்ள இவன் மலைக்குப் போய், மொட்டை போட்டு, சந்தனம் பூசி, அது காய்ஞ்சும் போச்சா? உண்மையைச் சொல்லு. இல்ல, உன்னை உள்ள வெப்பேன்!"

மேஸ்திரி பொலபொலவென்று அழுதார்.

"தூங்கிட்டேன் சார்... கடைசித் தறிக்கு அடியில. தெனமும் அங்கதான். தறி சத்தம் இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும். திடீர்னு கரண்ட் போச்சு... சத்தம் நின்னுச்சு... தூக்கிவாரிப் போட்டு எழுந்தேன். மேல இரும்புச் சட்டம்!"

கோதண்டபாணிக்கு ரத்தம் கொதித்தது.

"உன்னை அப்புறம் கவனிச்சுக்கிறேன். டேய் மணவாளா! என்னையே ஏமாத்துறியா? தறியைக் கழட்டுடா!"

மணவாளன் தறிக்குக் குறுக்கே போய் நின்றான். அந்தத் தறி போனால் அடுப்பு எரியாது.

"எம் பொண்ணு அம்முவுக்குக் காய்ச்சல் வுட்டா மொட்டை போடறதா வேண்டுதல் மொதலாளி. அரை நாள் கேட்டேன். குடுக்கல. இன்னிக்கு நெய்ய வேண்டியதை மூணு நாளா விடியக்காலைல எழுந்து சேர்த்து நெய்ஞ்சுட்டேன். அதோ, பாருங்க!"

மூலையில் லுங்கிக் கட்டு அடுக்கியிருந்தது.

"ஷெட்ல எந்தத் தறியாவது ஒரு நாளைக்குப் பதினோரு லுங்கி தாண்டுதா? நானு பதினஞ்சு குடுக்கிறேன். நீங்க சத்தம்தானே வேணும்னீங்க? அதையும் குடுத்தேன்!"

கோதண்டபாணி லுங்கிகளைத் தடவிப் பார்த்தார். பிறகு கேசட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் மெல்ல வடிந்து, வேறு ஏதோ ஒன்று ஏறியது.

மணவாளன் தோளில் கைபோட்டுப் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"தறி உன் வூட்லயே இருக்கட்டும்டா."

"நெசமாவா மொதலாளி?"

"ஆங். ஆனா... அந்தக் கேசட்டுல எனக்கு ஒரு காப்பி போட்டுக் குடு. கிளப்புலேர்ந்து வூட்டுக்குப் போன் பண்ணும்போது..."

மணவாளன் மொட்டையைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"தாராளமா மொதலாளி. ஆனா ஒண்ணு... கரண்ட் போனா மறக்காம நிறுத்திடுங்க!"